ரிப்ளை 1988: டொக்சனின் மனசை மட்டும் ஏன் ஒளித்து வைத்தார்கள்?

கடைசிப்பேருந்து:

ரிப்ளை 1988 என்கிற கொரியத் தொலைக்காட்சித் தொடரில், கதாநாயகி டொக்சனைக் காதலிக்கிற, அவளோடு ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு நண்பர்களில் நீங்கள் ஜங்ஹ்வான் கட்சியா, டேக் கட்சியா என்று கேட்க இந்த இழையைத் திறக்கவில்லை. அந்தச் சண்டை 2016 ஜனவரியில் தொடர் முடிவதற்கு முன்பே தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. எனக்கு இருப்பது வேறு குறை.

இருபது அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு சினிமா நீளம். அவ்வளவு நேரமும் டொக்சன் கூடவே இருக்கிறோம். அவள் எப்படிச் சாப்பிடுவாள், எப்படித் தூங்குவாள், அக்கா போராவிடம் எப்படி அடி வாங்குவாள், எல்லாம் தெரியும். அவளுக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் தெரியாது. தெரிந்துவிட்டால் 'கணவன் யார்' விளையாட்டு அங்கேயே முடிந்துவிடுமே!

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012-இல் வந்த ரிப்ளை 1997, அடுத்த ஆண்டு வந்த ரிப்ளை 1994, இரண்டிலும் இதே விளையாட்டுதான். இயக்குநர் ஷின் வொன்-ஹோவும் எழுத்தாளர் லீ வூ-ஜங்கும் இதில் கைதேர்ந்தவர்கள். பல ஆண்டுகள் கழித்துக் கதாநாயகி பழைய கதை பேசுவாள். அவளுக்குக் கணவன் ஆனவன் அந்தக் காலத்துப் பையன்களில் யார் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

இதனால் என்ன கெட்டது என்றால், பையன்களின் காதல் நமக்கு உள்ளிருந்து காட்டப்படுகிறது. நெரிசலான பேருந்தில் டொக்சன் மேல் யாரும் மோதாமல் ஜங்ஹ்வான் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து அணை கட்டுகிறான், புடைத்த நரம்பு வரைக்கும் கேமரா போகிறது. காலையில் அவள் வீட்டை விட்டு வெளியே வரும்வரை இவன் வாசலில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருக்கிறான். டேக் நண்பர்கள் முன்னால் டொக்சனைப் பிடித்திருக்கிறது, தோழியாக இல்லை, பெண்ணாக என்று நேராகவே சொல்லிவிடுகிறான். இரண்டு பேருடைய இதயத்துடிப்பும் நமக்குக் கேட்கிறது. அவளுடையது? கதவுக்கு அந்தப் பக்கம்.

இளவயதுக் காதலை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய தொடர், காதலிக்கப்படுகிறவளைப் பரிசுக்கோப்பையாக நடுவில் வைத்துவிட்டது. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

சோறுமுக்கியம்:

பாஸ், அந்த விளையாட்டு இல்லாவிட்டால் பாதிப் பேர் எட்டாவது அத்தியாயத்திலேயே கழன்றிருப்பார்கள். கொரியாவில் கேபிள் சானல் ஒன்றில் கடைசி அத்தியாயம் 18.8 விழுக்காடு பார்வையாளர்களைப் பிடித்தது, அந்தச் சமயத்தில் அது சாதனை. சும்மாவா பிடித்தது? எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கை மூன்று பேரும் மூன்று கட்சி. அம்மா கடைசி வரை அதே நண்பர் கூட்டத்துச் சன்வூதான் மாப்பிள்ளை என்று சாதித்தார். அவன் டொக்சனின் அக்கா போராவைக் காதலிக்கிறான் என்று தெரிந்த பிறகும்!

எனக்குக் காதலைவிட முதல் அத்தியாயத்தில் கிண்ணம் கிண்ணமாக வீடு மாறுகிற குழம்பும் கூட்டும்தான் பெரிது. பெயரிலேயே சொல்லிவிட்டேன்.

மிளகாய்ப்பொடி:

பேருந்து சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

டேக் மனசைத் திறந்ததும் ஜங்ஹ்வான் ஒதுங்கிக்கொள்கிறான். நண்பனுக்காக. சரி. பிறகு டேக், ஜங்ஹ்வானின் பணப்பையில் டொக்சனோடு எடுத்த படத்தைப் பார்க்கிறான். உடனே அவளோடு படத்துக்குப் போவதாகச் சொன்னதை ரத்து செய்கிறான். அவனும் நண்பனுக்காக. ரசிகர்கள் எல்லாம் "ஐயோ, என்ன நட்பு!" என்று உருகினார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த விட்டுக்கொடுத்தலில் ஒருவனாவது அவளிடம் கேட்டானா? இவன் அவனுக்குத் தருகிறான், அவன் இவனுக்குத் திருப்பித் தருகிறான். அவள் என்ன, கடன் வாங்கிய குடையா?

அன்றைக்குச் சினிமாவுக்குக் கிளம்பி நின்ற பெண்ணுக்கு வருவது ஒரு போன். காரணம் கிடையாது. அந்த முகத்தைப் பாருங்கள். டொக்சனாக நடித்த ஹ்யேரி அந்தக் காட்சியில் ஒன்றுமே செய்யாமல் எவ்வளவோ செய்கிறார். தொடர் அதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறது, நமக்கு டேக்கின் தியாகத்தைக் காட்ட வேண்டுமாம்.

அமுதவல்லி:

தம்பி, தங்கை எல்லோரும் சொன்னதைப் படித்தேன். டொக்சனின் மனசை ஒளித்து வைத்தார்கள் என்பதை நான் பாதிதான் ஏற்பேன். அவள் மனசு அவளுக்கே தெரியாமல் இருந்தது என்பதையும் பாருங்கள்.

முதல் அத்தியாயத்தில் அவள் எதற்காக அழுகிறாள்? அக்காவின் பிறந்தநாள் கேக்கிலேயே இவள் பிறந்தநாளையும் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள், மெழுகுவத்தியைத் திரும்பக் கொளுத்தி. முட்டை அக்காவுக்கும் தம்பிக்கும், இவளுக்கு இல்லை. பெயர்கூட அக்காவுக்குப் போரா, தம்பிக்கு நோஉல், இவளுக்கு மட்டும் டொக்சன் என்று பழங்காலப் பெயர். நடுப்பிள்ளை. அன்று ராத்திரி அப்பா தெருவில் உட்கார்ந்து, நானும் பிறந்தபோதே அப்பாவாகப் பிறக்கவில்லையே, எனக்கும் இது முதல் தடவைதானே என்று மன்னிப்புக் கேட்கிற இடம் பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்படி வளர்ந்த பெண் காதலில் என்ன செய்வாள்? தோழிகள் "சன்வூவுக்கு உன்மேல் ஆசை" என்றதும் அவளுக்கும் சன்வூவைப் பிடித்துவிடுகிறது. அது இல்லை என்று ஆனதும், "ஜங்ஹ்வானாக இருக்கும்" என்கிறார்கள், உடனே ஜங்ஹ்வானைப் பிடித்துவிடுகிறது. யாராவது நம்மைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிற பசி அது. பதினெட்டு வயதில் எத்தனை பெண்களுக்கு அந்தப் பசி இருக்கிறது என்று பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் கூட்டத்தில் இன்னொரு நண்பனான டோங்ர்யோங்கிடம் போய், என்னை ஏன் யாருக்கும் பிடிக்கவில்லை என்று கேட்கிறாள். அந்தக் கோமாளிப் பையன் சொல்கிற பதில் இந்தத் தொடரிலேயே நல்ல இடம்: யாருக்கு உன்னைப் பிடிக்கும் என்பதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும்? அவள் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாள். அதுவரை அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே நமக்குத் தெரியாமல் போனது கதையின் தேவையும்கூட.

கடைசிப்பேருந்து:

அமுதா அக்கா, டோங்ர்யோங் காட்சியைச் சொன்னதற்கு நன்றி. என் வழக்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி கேட்டாயிற்று. அவள் யோசிக்கத் தொடங்கிவிட்டாள். இனி பார்க்க வேண்டியது அந்த யோசனையைத்தானே? தொடர் என்ன செய்கிறது? நேராக 1994-க்குத் தாவிவிடுகிறது. அவள் விமானப் பணிப்பெண், ஜங்ஹ்வான் விமானப்படையில், பாதுக் (கோ) என்கிற பலகை ஆட்டத்தில் தொழில்முறை வீரனான டேக் வழக்கம்போல் பலகை முன்னால். இடையில் போன ஆண்டுகளில்தான் ஒருத்தி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று காத்திருப்பதை விட்டு, தானே தேர்ந்தெடுக்கிறவளாக மாறியிருக்கிறாள். நமக்கு வேண்டிய கதை முழுவதும் அந்த வெட்டுக்குள் விழுந்துவிட்டது.

இன்னொன்று. பெய்ஜிங் ஹோட்டல் காட்சி. பல ஆண்டுகளுக்கு முன் அரைத்தூக்கத்தில் அவளை முத்தமிட்டது கனவு என்றே டேக் நினைத்திருக்கிறான். அது கனவில்லை என்று அங்கேதான் அவனுக்குத் தெரிகிறது. அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அதன் பொருளை யோசியுங்கள். இத்தனை வருஷமும் அது நிஜம் என்று *அவளுக்கு*த் தெரியும்! தெரிந்துகொண்டே அவனோடு சேர்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டாள், அவன் அறையில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்தாள், பழையபடி கிண்டல் செய்தாள். ஒரு பெண்ணின் மனசுக்குள் இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? தொடர் அதை அவனுக்குக் கிடைத்த இன்ப அதிர்ச்சியாக மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டது.

அவளுக்கே தெரியாமல் இருந்தது என்ற சமாதானம் 1989 வரைக்கும் செல்லும். அதற்குப் பிறகு செல்லாது.

பனிக்கூழ்:

நான் பத்தாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். இழையை ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. பெய்ஜிங்கா? டேக்கா? நன்றி, வணக்கம்.

சோறுமுக்கியம்:

@பனிக்கூழ் ஆழ்ந்த அனுதாபங்கள். மிச்சம் பத்து அத்தியாயத்தில் சாப்பாட்டைக் கவனியுங்கள், அதில் யாரும் உங்களைக் கெடுக்க முடியாது.

தெக்கத்திக்காரன்:

எல்லோரும் டொக்சனைப் பற்றிப் பேசுகிறீர்கள், மகிழ்ச்சி. ஜங்ஹ்வானுக்காகப் பேச இங்கே ஒருத்தன் வேண்டாமா?

1994-இல் பாட்டுக் கச்சேரிக்கு அவள் தனியாகப் போகிறாள் என்று தெரிந்து வண்டியை விரட்டிக்கொண்டு போகிறான். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. போய்ச் சேரும்போது டேக் ஏற்கெனவே அங்கே நிற்கிறான், ஆட வேண்டிய போட்டியையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். திரும்பும்போது ஜங்ஹ்வான் மனசுக்குள் சொல்லிக்கொள்வது எல்லா ரசிகருக்கும் மனப்பாடம்: குற்றம் சிக்னல் மேல் இல்லை, நேரத்தின் மேலும் இல்லை, என்னுடைய எண்ணற்ற தயக்கங்கள் மேல்தான்.

அப்புறம் அந்த மதுக்கடை. நண்பர்கள் கூடியிருக்கிற மேசையில் விமானப்படை அகாடமி மோதிரத்தை எடுத்து வைத்து, பள்ளிக்கூட நாளிலிருந்து மனசில் வைத்திருந்த அத்தனையையும் கொட்டுகிறான். காலையில் வாசலில் காத்திருந்தது, அவள் நூலகத்திலிருந்து வரும்வரை தூங்காமல் கிடந்தது, பேருந்து, எல்லாம். ஜங்ஹ்வானாக நடித்த ரியூ ஜுன்-யோல் கண்ணைப் பார்க்க முடியாது. கடைசியில் ஒரு சிரிப்புச் சிரித்து, போதுமா, நீங்கள் கேட்டது இதுதானே என்று அதை வேடிக்கையாக்கிவிடுகிறான். மோதிரம் மேசையிலேயே கிடக்கிறது.

ஊரில் நான் பார்த்த ஆண்கள் பாதிப் பேர் இவன்தான். தன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான், வாயைத் திறக்க மாட்டான். இவனைத் தோற்கடித்ததில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மிளகாய்ப்பொடி:

தெக்கத்தி அண்ணா, அதே மதுக்கடைக் காட்சியை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் அவன் பிறந்தநாளுக்கு அவள் ஒரு இளஞ்சிவப்புச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். அவன் போடவே இல்லை. அவன் அண்ணன் ஜங்போங் அதே மாதிரி சட்டையில் திரிவதைப் பார்த்து, தான் கொடுத்ததைத்தான் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்து நொந்துபோனாள். அவன் அதைப் பொத்திப் பாதுகாத்தான் என்று *நமக்கு*த் தெரியும். அவளுக்கு யார் சொன்னார்கள்? இப்போது ஒருநாள் ராத்திரி, அவள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்த பிறகு, அத்தனையையும் அவள் முன் கொட்டிவிட்டு "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்கிறான். அவள் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பதில் சொல்கிற வாய்ப்பையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பாரம் இறங்கியது. அவளுக்கு ஏறியது.

நூலகப்படி:

எல்லோரும் முக்கோணத்திலேயே நிற்கிறீர்கள். இந்தத் தொடரில் நெருக்கம் என்றால் என்ன என்று காட்டுகிற ஜோடி சன்வூவும் போராவும்தான். பேருந்து சொன்ன வாதத்துக்கு அதுவே சான்று: அந்த ஜோடியில் புதிர் கிடையாது, அதனால் இரண்டு பேரையும் எழுத்தாளர் முழுசாக எழுதியிருக்கிறார்.

சன்வூ பள்ளிப்பையன், போரா சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவி, போராட்டத்துக்குப் போகிறவள், வாயைத் திறந்தால் நெருப்பு. முதல் பனி விழுகிற நாளில் அவன் போய்ச் சொல்கிறான். அவள் சின்னப் பையன் என்று விரட்டுகிறாள். திரும்பவும் வருகிறான். பின்னால் அவள் சட்டத் தேர்வுக்குப் படிக்கக் கிளம்பும்போது பிரிந்துவிடுவோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். வலிக்கிறது, ஆனால் மறைவு இல்லை. இவர்கள் *பேசுகிறார்கள்*. அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாணப் பேச்சு வரும்போது வருகிற தடையை நம்மூர்க்காரர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் 'சங்' குடும்பப்பெயர், பூர்வீகமும் ஒன்று. ஒரே குடும்பப்பெயரும் ஒரே பூர்வீகமும் உள்ளவர்கள் மணந்துகொள்ளக் கூடாது என்று கொரியாவின் சிவில் சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1997-இல்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அது சாசனத்துக்கு ஒவ்வாது என்றது, சட்டம் முறையாகத் திருத்தப்பட்டது 2005-இல். இந்தக் கல்யாணப் பேச்சு நடப்பது அதற்கெல்லாம் முன்பு. எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்திருந்தாலும் பங்காளி வீட்டில் பெண் எடுக்கக் கூடாது என்கிற நம்ம ஊர்க் கணக்கேதான். அத்தனை நாளும் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொண்ட இரண்டு அம்மாக்கள் இந்த விஷயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தவிப்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வசன எழுத்தே இல்லாமல் புரிந்துகொண்டார்கள்.

தெக்கத்திக்காரன்:

போரா கல்யாணத்தைச் சொல்லிவிட்டு அந்தச் செருப்பை விட்டுவிட்டீர்களே. அப்பாவுக்கு அவள் வாங்கிக் கொடுத்த ஷூ ஒரு அளவு பெரிசு. உள்ளே தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். சொல்லவே மாட்டார். அப்பாவாக வரும் சங் டோங்-இல் நடிப்புக்கு எதையும் கொடுக்கலாம். சொல்லாத அன்பு என்று நான் மேலே திட்டு வாங்கினேன், அதே சொல்லாத அன்புக்கு இங்கே எல்லோரும் அழுதீர்கள்!

மிளகாய்ப்பொடி:

அப்பா சொல்லாவிட்டாலும் அவர் அப்பாதான், அண்ணா. காதலிக்கிறவன் சொல்லாவிட்டால் அவன் பக்கத்து வீட்டுப் பையன்.

அமுதவல்லி:

இந்தப் பொடிக்குப் பெயர் பொருத்தம் :)

டேக் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். அவன் மேதை, அதனால் ஜெயித்தான் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. அவன் போட்டியில் தோற்று வரும் ஒரு நாள் உண்டு. தெருவே அவனைச் சுற்றிப் பூனை நடை நடக்கிறது. யாருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நண்பர்கள் கதவைத் திறந்து உள்ளே வந்து, தோற்றுவிட்டாயாமே, மட்டமாக ஆடினாயாமே என்கிறார்கள், வாய்விட்டுக் கெட்ட வார்த்தை சொல்லச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தப் பையன் தூக்க மாத்திரை இல்லாமல் தூங்காதவன், தாயில்லாப் பிள்ளை, நாடே அவன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு அறையில்தான் அவனைச் சாதாரணமாக நடத்துகிறார்கள். அவன் சிரிக்கிறான்.

வெளிநாட்டுப் போட்டிக்கு டொக்சன் துணையாகப் போகும்போதும் அதுதான். சாப்பிட வைக்கிறாள், தூங்க விடுகிறாள், தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் இருக்கிறாள். பெரிய மனிதர்கள் அவனுக்குக் குனிந்து வணக்கம் சொல்வதை வாய் பிளந்து பார்க்கிறாள். வீட்டில் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று பேர் வாங்கியவள், அங்கே ஒருத்தனுக்குத் தேவைப்படுகிறாள். என் கணக்கில் அவள் மனசு திரும்பியது அங்கேதான். பேருந்து தம்பி கேட்ட அந்தக் காணாமல் போன கதையில் ஒரு துண்டு அங்கே கிடக்கிறது, தேடினால் கிடைக்கும்.

கடைசிப்பேருந்து:

அக்கா, அந்தத் துண்டை ஏற்கிறேன். அது நல்ல துண்டு. ஆனால் அதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் என் புகார். ஜங்ஹ்வானின் காதலுக்கு நான் எதையும் தேடவில்லை, தட்டில் வைத்துத் தந்தார்கள்.

விளையாட்டுக்காக எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு, நடுவயது டொக்சனோடு உட்கார்ந்து பழைய கதை பேசுகிற கணவனைப் பாருங்கள். கிம் ஜு-ஹ்யோக் நடித்தது. நக்கல் பேச்சு, எதற்கும் ஒரு குத்தல், அலட்சியமாகச் சாய்ந்து உட்காருவது. அப்படியே ஜங்ஹ்வான்! மெதுவாகப் பேசி வெட்கப்படுகிற டேக் இருபது வருஷத்தில் இப்படி ஆனான் என்று நம்ப வைக்க ஒரு காட்சிகூட இல்லை. நம்மைக் குழப்புவதற்காகக் கணவனின் குணத்தையே மாற்றி எழுதினார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தாம்பத்தியத்தின் நெருக்கத்தைப் புதிருக்குத் தீனியாகப் போட்டுவிட்டார்கள்.

சோறுமுக்கியம்:

கல்யாணமாகி இருபது வருஷம் ஆனால் எந்த டேக்கும் ஜங்ஹ்வான் ஆகிவிடுவான், பாஸ். எங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

அதிருக்கட்டும், நிஜ வாழ்க்கையில் அந்த நடிகர்களில் யார் யாரோடு...

நூலகப்படி:

வேண்டாம். அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. கதாபாத்திரங்களோடு நிற்போம்.

பேருந்து, ஒரு கேள்வி. டொக்சனின் மனசு நமக்கு முதலிலேயே தெரிந்திருந்தால், அதாவது அவளுக்கு டேக்கைப் பிடித்துவிட்டது என்று பதினாறாவது அத்தியாயத்தில் காட்டியிருந்தால், மதுக்கடைக் காட்சி என்ன ஆகியிருக்கும்?

கடைசிப்பேருந்து:

இன்னும் நன்றாக ஆகியிருக்கும் என்பேன். இப்போது அந்தக் காட்சியில் நாம் ஜங்ஹ்வானையும் மோதிரத்தையும் பார்க்கிறோம், அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று பந்தயக்காரன் மாதிரி காத்திருக்கிறோம். தெரிந்திருந்தால் அவளைப் பார்த்திருப்போம். ஒரு காலத்தில் இதைக் கேட்க ஏங்கிய பெண், இன்று வேறொருவனை நினைத்துக்கொண்டு, அதே வார்த்தைகளைக் கேட்கிறாள். அவன் மனசு உடையாமல் எப்படி எழுந்து போவது என்று யோசிக்கிறாள். ஹ்யேரி அதை நடித்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. கேமராதான் அவர் பக்கம் போதுமான நேரம் நிற்கவில்லை.

தெக்கத்திக்காரன்:

இதைப் படித்துவிட்டு அந்தக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், அவள் முகத்தை மட்டும். ஜங்ஹ்வான் பேசப் பேச அவள் கண் கலங்குகிறது. அதிர்ச்சியா, பரிதாபமா, பழைய ஆசையா, ஒன்றும் பிடிபடவில்லை. பேருந்து சொல்வது சரி என்று ஒரு தடவை தோன்றுகிறது. அமுதா அக்கா சொல்வது சரி என்று அடுத்த தடவை தோன்றுகிறது.

பனிக்கூழ்:

பதினொன்றுக்கு வந்துவிட்டேன். எல்லாம் தெரிந்த பிறகும் ஜங்ஹ்வான் வாசலில் நிற்கும்போது, இந்தத் தடவையாவது சொல்லிவிடுடா என்று திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். உங்கள் எல்லோர் மேலும் கோபம்.